ஒரு குத்து விட்டிருந்தால்

நெரிசலில் பொறுமையிழந்த பயணி டாக்சிக் கதவைத் திறந்ததும் பைக் ஒன்று உரசிவிட்டது. பைக்காரன் சட்டையைப் பிடித்து அறைந்தே விட்டான். பயணி அதைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடும் போட்டார்.

“தப்பு என்னோடதுதாங்க. டிரைவர், வண்டியை எடுங்க. ஸ்கூல் விடறதுக்குள்ள பொண்ணைப் பார்க்கணும்.”

ஓட்டுநருக்கு மனசு ஆறவில்லை. “விரல் முட்டியெல்லாம் காய்ச்சுக் கிடக்கே, கராத்தேவா சார்?”

“மாஸ்டர்.”

“அட! ஒரு குத்து விட்டிருந்தா பய சுருண்டிருப்பானே?”

“ஒருத்தனுக்கு விட்டேன். அதுவும் இப்படித்தான், பார்க்கிங் தகராறு. விழுந்தவன் எழுந்திரிக்கவே இல்லை.”

ஓட்டுநர் வண்டியைப் பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். பயணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தவித்தார்.

“உங்க பொண்ணு எது சார்?”

“தெரியலையே தம்பி. நான் ஜெயிலுக்குப் போனப்போ அவ தொட்டில்ல கிடந்தா.”