பெயர் சொல்லாத விண்ணப்பம்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே ரத்தினபாய்க்கு வாய் உலர்ந்துவிட்டது. எட்டாவதோடு படிப்பை விட்டவள். வெப்சைட், பிரவுசர் எல்லாம் டெனிஸ் மாதிரிப் பிள்ளைகள் பேசுவது.

“தம்பி, நம்ம சர்ச் வெப்சைட்ல ஜெப விண்ணப்பம் போடற பக்கம் இருக்குல்ல? அதுல எவளோ எங்க மானத்தை வாங்கிட்டா.”

சர்ச் ஆபீஸில் அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவன் டெனிஸ். அவள் நீட்டிய போனை வாங்கிப் படித்தான்.

‘கேம்ப் ரோடு பக்கம் ஒரு தாய். மகன் தினமும் குடித்துவிட்டு வருகிறான். அவன் வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காக ஜெபியுங்கள்.’

கீழே பெயர் இல்லை.

“இதுல உங்க பேரே இல்லையே ஆன்ட்டி?”

“பேரு வேற போடணுமாக்கும்! எங்க ஆரோன் குடிக்கிறது மாடி வீட்டு ஜோசலினுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த வாரம் எம் மக கெசியாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. அவங்களும் இதே சர்ச்சுதான். படிச்சா வருவாங்களா? போட்டது அவதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் வெச்சு நாக்கைப் பிடுங்கற மாதிரி கேக்கறேன்.”

“பேரை மறைக்கச் சொன்னவங்களை நான் காட்டிக் கொடுக்க மாட்டேன் ஆன்ட்டி. எந்த கம்ப்யூட்டர்ல திறந்தாலும் தெரியாது. வேணும்னா பாருங்க!”

மேசைமேல் இருந்த சர்ச்சின் பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைப் பெருமையாகத் திறந்தான்.

அவன் முகம் வெளுத்துப்போனது.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்குக் கீழேயும் பெயர் இருந்தது!

“ஐயோ! போன்ல எல்லாம் மறையுது. இந்தப் பழைய பிரவுசர்ல மட்டும் மறையலையே!”

பதறிப்போய்த் திரையைக் கையால் பொத்தினான்.

“கையை எடு தம்பி.”

“வேணாம் ஆன்ட்டி, தப்பு...”

அவன் கையைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

‘ஆரோன்.’

கேம்ப் ரோடு விண்ணப்பத்துக்குக் கீழே இருந்த அந்தப் பெயரை ரத்தினபாய் மறுபடி படித்தாள். பெற்ற பிள்ளை. ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசாதவன்.

“ஆன்ட்டி... இதை எடுத்துடட்டுமா?”

“வேணாம்ப்பா. அவன் கேட்டது அப்படியே இருக்கட்டும். பேரை மட்டும் எதுலயும் தெரியாம பண்ணிடு.”

டெனிஸ் அவசரமாகத் தட்டத் தொடங்கினான். அவன் முடிக்கும்வரை யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று, ரத்தினபாய் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.