ஆணி இறங்காத சுவர்

"கையெழுத்துதானே கேட்டே? போட்டாச்சு. சுவர்ல ஆணி மட்டும் அடிக்க விடமாட்டேன். இது என் வீடு!"

அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்த வேலையை விட்டுவிட்டு, அப்பா வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுப் பை ரிப்பேர் தொழில் தொடங்கியிருந்தாள். ஜிப் மாற்றுவாள், அறுந்த வாரைத் தைப்பாள், பெட்டிக்குச் சக்கரம் மாட்டுவாள். பெரிய பைக்கடை ஒன்று தன் ரிப்பேர் வேலை மொத்தத்தையும் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் தொழில் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும்.

பதிவு செய்ய, வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். அது கிடைத்துவிட்டது. வாசலில் போர்டு வேண்டும். அங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

"போர்டு இல்லன்னா, பார்க்க வர்ற அதிகாரி ஒத்துக்க மாட்டாங்கப்பா."

"போன மாசம்தான் நானே ஏணி போட்டு ஏறி பெயிண்ட் அடிச்சேன். இடுப்பு இன்னும் நிமிரல. அதுல போய் ஓட்டை போடுவியா?"

"அப்ப கீழே சாய்ச்சு வைக்கிறேன்."

"யாராவது தடுக்கி விழுந்தா? முதலாளியம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்களோ?"

அம்மா சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "பெத்த பொண்ணைவிட சுவர் பெரிசாப் போச்சு இந்த மனுஷனுக்கு!"

அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பச்சைக் குல்லாவை எடுத்து மாட்டினார். "டீ குடிச்சுட்டு வரேன்."

மெஷின் வீட்டுக்கு வந்ததிலிருந்தே இந்தக் கூத்துதான். காலையில் டீ குடிக்கப் போனால் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். சாப்பிட்டுக் கை ஈரம் காய்வதற்குள் மறுபடியும் டீ.

"அப்படி என்னம்மா டீ? அண்டா அண்டாவாக் குடிக்கிறாரா?" மகள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் மெஷின்ல உட்கார்றதைப் பார்க்கப் பிடிக்கல. அதான் ஓடிப்போயிடறார்."

"போகட்டும் விடு. வீட்ல இருந்தா மட்டும் என்ன, மெஷின் சத்தத்துல டிவி கேக்கலேன்னு கத்துவார்."

போர்டு இல்லாவிட்டாலும் ஆட்கள் வரத்தான் செய்தார்கள். பள்ளிக்கூடப் பை, மடிக்கணினிப் பை, சக்கரம் கழன்ற பெட்டி. "தினமும் போன்ல ஸ்டேட்டஸ் போடறேன்ல!" என்று அவள் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டாள். அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் சித்தி, அத்தை, பழைய ஆபீஸ் தோழி மட்டும்தான். அவர்களில் ஒருத்தர்கூட ஒரு கிழிந்த பையைக் கொண்டுவந்ததில்லை. அதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

அதிகாரி வந்த அன்று வானம் மூடிக்கிடந்தது. தோளில் பையோடு ஒரு பெண்மணி. முன்னறையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், தைத்து அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தார். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"எல்லாம் சரிதான். வாசல்ல போர்டைக் காணோமே?"

மகளுக்குப் பைக்கடை கைநழுவிப் போவது கண்முன் தெரிந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது.

"எங்க அப்பாதான் மேடம். சுவர்ல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதாம். நான் நல்லா வர்றதுல அவருக்கு இஷ்டமே இல்ல!"

தண்ணீரோடு வந்த அம்மா தன் பங்குக்குச் சேர்த்தாள். "ஆமாங்க. கல்நெஞ்சு."

அதிகாரி தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"போர்டு எதுக்கும்மா? வர்றவங்களுக்கு இடம் தெரியணும், அவ்வளவுதானே?"

"ஆமா மேடம்..."

"இந்தத் தெருவுல எல்லா வீடும் ஒரே அச்சா இருக்கு. நான் எப்படி நேரா இங்க வந்து நின்னேன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

மகள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"தெருமுனை டீக்கடை வாசல்ல ஒரு பெரியவர் நிக்கிறார். பச்சைக் குல்லா. பையோட யார் போனாலும் விடறதில்ல. என்னையும் மறிச்சார். நான் யாரு, எதுக்கு வந்தேன், ஒண்ணும் கேக்கல. என் பை ஜிப்பை ரெண்டு இழு இழுத்துப் பார்த்துட்டு, 'இது ஒரு வாரம் தாங்காதும்மா. நேரா போய் நீல கேட்டுல நுழைங்க. அங்க ஒரு பொண்ணு தங்கமாத் தைச்சுக் கொடுக்கும்'னார்."

அதிகாரி தோள்பையைக் கழற்றி மெஷின்மேல் வைத்தார். ஜிப் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"நல்லா இருந்த ஜிப்பும்மா இது. அவர் இழுத்த இழுப்புலதான் பிடுங்கிக்கிச்சு!"

அம்மா காலி டம்ளரை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பாவைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வர, பிளந்த ஜிப்பை விரலால் மூடப் பார்த்தாள்.

"அப்ப... போர்டு, மேடம்?"

"இருக்குன்னு எழுதியாச்சு. இதுக்கு நல்ல ஜிப்பாப் போட்டு வைங்க. நாளைக்கு வந்து காசு கொடுத்து வாங்கிக்கிறேன்."

வாசல்வரை போன அதிகாரி, வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மழை வந்துடும்போல இருக்கு. சீக்கிரம் போய் உங்க போர்டைக் கையோட கூட்டிட்டு வாங்கம்மா. தெருமுனையில நனைஞ்சுக்கிட்டு நிக்கப் போகுது!"