பத்து நிமிடம்

தொலைவில் இருக்கும் சர்வரின் ஃபயர்வாலை, யாரை உள்ளே விடலாம் என்ற அதன் விதிகளை, மாற்றும் முன் ஜெசிந்தா எப்போதும் ஒரு கட்டளையை ஓடவிடுவாள். பத்து நிமிடத்தில் அது பழைய விதிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். புது விதி தவறி அவளையே வெளியே தள்ளிப் பூட்டினாலும் கதவு தானாகத் திறந்துகொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட வேண்டும்.

இன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ஏழு நிமிஷம் ஆச்சு ஜெசி. இன்னும் கேன்சல் பண்ணலையா?" பக்கத்து இருக்கை ஹசீனா எட்டிப் பார்த்தாள்.

"பண்றேன்."

"கைய யாராவது கட்டிப்போட்டிருக்காங்களாடி?"

ஜெசிந்தா மேசைமேல் இருந்த கைபேசியையே பார்த்தாள். 'இனிமேல் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன்' என்று காலையில் கணவனுக்கு அனுப்பியிருந்தாள். ஒற்றை டிக்; இன்னும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குத்தான் அவன் போனை ஆன் செய்வான். இரண்டு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அதற்குள் அந்தச் செய்தியை அழித்துவிடலாம்.

"பழசு திரும்ப வந்துடும்டி. அப்புறம் எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும்."

"தெரியும்," என்ற ஜெசிந்தா கட்டளையை ரத்து செய்தாள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

ஹசீனா ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். கைக்கடியில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. ஜெசிந்தா கையை எடுக்கவில்லை.