சுயம்புராஜின் கைப்பட்டை

வெயில் எல்லை மீறும் நாட்களில் பெண்கள் உப்பளத்தில் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. கர்ப்பிணிகள் சிலர் பாத்தியிலேயே விழுந்து செத்த பிறகு, பெண்களைக் காப்பதற்காக வந்த சட்டம். இந்தக் கோடையிலோ எல்லை மீறாத நாளே இல்லை.

கால் முறிந்து படுத்திருந்த சுயம்புராஜின் கைப்பட்டையை அவன் மனைவி மாரிக்கனி கட்டிக்கொண்டாள். உடல் சூடு ஆபத்தைத் தொட்டால் அலறும் அந்தப் பட்டையைக் காட்டினால்தான் உப்பளத்தின் கதவு திறக்கும். அவனுடைய சட்டையைப் போட்டு, முகத்தைத் துண்டால் மூடினாள்.

"வேண்டாம்ட்டி. அது என் ஒடம்புக்கு அளவு வச்சது. ஒனக்கு அது அடிக்கதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

"பிள்ளைக பட்டினி கெடக்கு. நான் பாத்துக்கிடுதேன், நீங்க படுங்க."

தன் போனை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் அது அடித்தது.

"மாரிக்கனி அவர்களே, உங்கள் கணவர் சுயம்புராஜ் வெப்பத்தால் உயிரிழந்தார். ஆழ்ந்த இரங்கல்" என்றது இயந்திரக் குரல்.

"நான் உயிரோடதான் இருக்கேன்! அது எம் பொண்டாட்டி! போய்த் தூக்குங்கய்யா, தண்ணி குடுங்க!" என்று சுயம்புராஜ் கத்தினான்.

அந்தக் குரல் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது.