விட்டுப்போன இடம்

பரிசோதனை முடிவு வந்து நாற்பத்தொரு மணி நேரம்.

அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மாடிக்கூடத்தில் பதினொரு பேர் கண்களை மூடி மல்லாந்து கிடக்கிறார்கள். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. இனி அவள் குரல் மட்டும்தான்.

"தூங்கக் கூடாது. அசையக் கூடாது. நான் சொல்லும் இடத்துக்குக் கவனம் போகட்டும். போய், தொட்டு, நகரட்டும்."

யோக நித்திரை. ஒன்பது வருடமாக இதே சொற்கள், இதே வரிசை.

"வலது கை கட்டைவிரல். ஆள்காட்டி விரல். நடுவிரல்."

கதவோரப் பாயில் அவள் கணவர். மோதிர விரலுக்கு வருவதற்குள் குறட்டை கேட்டது.

மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அவளுக்கு அப்படியில்லை. அவர் தன் அம்மாவை ஏழு மாதம் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், புற்றுநோய்ப் பிரிவில் வைத்துப் பார்த்தவர். அம்மா போன பிறகு இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். தூக்கம் வருவது இங்கேதான். அவள் குரலில்தான்.

வியாழக்கிழமை மதியம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"ரிசல்ட் வந்துருச்சும்மா. சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு நாலாவது மாடிக்கு வாங்கம்மா. தனியா வராதீங்க."

இன்று சனிக்கிழமை.

"வலது தோள். இடது தோள்."

சொல்பவளின் கவனமும் கூடவே போக வேண்டும். போகாத இடத்தின் பெயரைச் சொன்னால் அது வெறும் சத்தம்.

"வலது மார்பு."

பக்கத்திலிருந்த மணியைச் சற்று நகர்த்தி வைத்தாள்.

"மார்பின் நடு. தொப்புள். அடிவயிறு."

"டீச்சர்."

ஜோதிமணி அக்கா. கண்களைத் திறக்கவில்லை.

"எடது பக்கம் உட்டுட்டீங்க. நேத்தும் இப்படித்தானுங்க."

"ஏனுங்கக்கா, நீங்க தூங்கவே மாட்டீங்களா?" என்றது பக்கத்துப் பாய்.

"உங்களாட்டம் தூங்கறதுக்கா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வர்றேன்?"

கூடம் குலுங்கிச் சிரித்தது.

கதவோரத்தில் குறட்டை நின்றது.

ஒரு இடம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளே வைத்த விதி. அதற்காகத்தான் எல்லோரும் மறுபடி அசையாமல் காத்திருக்கிறார்கள்.

மணியை அடித்து முடித்துவிடலாம். தொண்டை சரியில்லை என்று சொல்லலாம். தனியாகப் போய் வரலாம். இன்னும் ஒரு நாள் அவர் தூங்கட்டும்.

"வலது கை கட்டைவிரல்."

குரல் சரியாகத்தான் வந்தது.

மணிக்கட்டு. முழங்கை. அக்குள். ஒவ்வொன்றாகப் போனாள். முட்டி, கணுக்கால், பாதம். மெதுவாகவே போனாள். எவ்வளவு மெதுவாகப் போனாலும் வரிசை அந்த இடத்துக்குத்தான் வருகிறது.

குறட்டை மறுபடி தொடங்கும் என்று எதிர்பார்த்தாள்.

தொடங்கவில்லை.

இடுப்பு. முதுகு. நெற்றி. இமைகள்.

அவர் விழித்திருக்கிறார். கண்களை மூடிக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அவள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"வலது தோள். இடது தோள்."

கீழே பால்காரரின் வண்டி நின்றது. கிளம்பியது.

"வலது மார்பு."

அடுத்த பெயரைச் சொல்லுமுன் அவள் இடது பக்கம் போனாள். கட்டி அங்கேயே இருந்தது. சிறியது. வலி இல்லை. இரண்டு நாளாக அவள் பார்க்க மறுத்தது அதற்குத் தெரியாது. அது தன் பாட்டுக்கு இருந்தது.

"இடது மார்பு."

கூடத்தில் பதினொரு பேரின் கவனம் தங்கள் தங்கள் இடது பக்கம் வந்து நின்றது. அடுத்த பெயருக்காகக் காத்திருந்தது.

அடுத்த பெயர் வரவில்லை.

கதவோரப் பாயில் ஒரு தலை திரும்பியது. கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன. பிறகு அவள் கையைப் பார்த்தன. கை எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இங்கே ஒரு கட்டி இருக்குதுங்க," என்றாள், அதே குரலில். "கேன்சர். பத்து மணிக்கு நாலாவது மாடிக்குப் போகோணும். நீங்க கூட வரோணும்."