காலியாகக் கிடந்த முகவரி

முதலாளி ஊக்கால் பல் குத்திக்கொண்டே, இணையத்தில் வாடகைக்கு எடுத்த சர்வர்களுக்கான கிளவுட் பில்லை மேசையில் வீசினார். பல்லிலிருந்து தெறித்த துணுக்கும் அதன்மேல் விழுந்தது. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதை விரல்நுனியால் எடுத்தாள்.

“ஏம்மா, நிறுத்தி வச்ச சர்வருக்கு எதுக்குக் காசு?”

“சர்வர் நின்னாலும் அதோட ஐபி முகவரி நம்ம பேர்லதானே இருக்கு சார். பூட்டிப் போட்ட வீட்டுக்கும் வாடகை உண்டுல்ல?”

“உங்கப்பன் வீட்டுக் காசா? எல்லா முகவரியையும் விட்டுடு.”

“அதுல ஒண்ணு மட்டும் சார்...”

“ஒண்ணு விடாம! இல்லேன்னா அந்த வாடகைய உன் சம்பளத்துல பிடிப்பேன். தண்டச்சோறு!”

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது. அந்த ஒன்றையும் சேர்த்து, சும்மா கிடந்த முகவரிகள் அத்தனையையும் விட்டுக்கொடுத்தாள்.

அந்த வாரமே முதலாளி செல்போனோடு ஓடிவந்தார். திரையில் துணியில்லாத பெண்கள் கண்ணடித்துக் கூப்பிட்டார்கள்.

“சம்பந்தி வீட்டுல காறித் துப்புறாங்க! என் பொண்ணு கல்யாண அழைப்பு வெப்சைட்டுல என்ன கருமம் இது?”

“கல்யாணம் தள்ளிப்போனதும் அது ஓடின சர்வரை நிறுத்தச் சொன்னீங்க. அந்த வெப்சைட்டுக்குத் தனிப் பேர் வாங்கவும் காசு தரமாட்டேன்னு, ஐபி நம்பரையே கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்சீங்க. அந்த ஒண்ணைத்தான் சொல்ல வந்தேன் சார்.”

“திரும்ப வாங்கு! எவ்வளவு ஆனாலும் தர்றேன்!”

“முடியாது சார். நாம காலி பண்ணின வீட்டுல வேற ஆள் குடிவந்தாச்சு.”