மாசம் ஒரு டப்பா

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே மருந்துக்கடை. திண்டிவனத்திலிருந்து புதிதாகக் குடிவந்த மரியஅந்தோணி, சொறிக் களிம்பை வாங்கிக்கொண்டு, முதுகைச் சொறிந்தபடியே கேட்டார்.

"அந்த மூட்டைப்பூச்சிப் பொடி கேக்குதா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க?" என்றார் கடைக்காரர் தாண்டவராயன். "லாட்ஜு வெச்சிருக்கிற பெரியதம்பி மாசா மாசம் இதையேதான் வாங்கிக்கினு போறாரு. சரக்கு நல்லா இல்லன்னா திரும்பி வருவாரா?"

மரியஅந்தோணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நல்ல நியாயங்க. பூச்சி செத்திருந்தா மறு மாசம் எதுக்கு வர்றாரு? பொடி வேலை செய்யலன்னு அவரே மாசா மாசம் சாட்சி சொல்லிட்டுப் போறாரு. அதைப் பெருமையா வேற சொல்லிக்கினு இருக்கீங்க."

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

தாண்டவராயன் குரலைத் தாழ்த்தினார்.

"வாஸ்தவந்தாங்க, இது கொல்லாது. நெடி தாங்காம பூச்சியெல்லாம் சுவரேறிப் பக்கத்து லாட்ஜுக்குப் போயிடும். அவருக்கு அது போதுமாம்."

மரியஅந்தோணியின் சிரிப்பு நின்றது. சொறிந்த கையும் நின்றது.

"அவரு எத்தனை டப்பா வாங்குவாரு?"

"ஒண்ணுதாங்க."

பக்கத்து லாட்ஜைப் போன மாதம்தான் விலைக்கு வாங்கியிருந்த மரியஅந்தோணி, களிம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு ரெண்டு குடுங்க."